எந்தப் பிளாஸ்டிக், எந்த இடத்தில், எத்தனை காலம்?

கொதிக்கக் கொதிக்க டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வேண்டாம் என்று தூக்குச்சட்டியை நீட்டுகிறவர்கள் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது. அப்படி டீப்பையைத் தள்ளுகிற அதே வீட்டுப் பெரியவரின் கண்ணுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் வில்லை பல வருடங்களாக உட்கார்ந்திருக்கலாம். விழுப்புரத்தை அடுத்த கெடார் போன்ற ஊர்களில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் தெருவுக்குச் சிலராவது இருப்பார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த் என்று எங்கே போனாலும் செய்வது ஒன்றுதான்: கலங்கிப்போன இயற்கை லென்சை எடுத்துவிட்டு, சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள செயற்கை லென்சை வைக்கிறார்கள். டீப்பையைத் தள்ளுவதும் சரி, கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொள்வதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்கான விடையில்தான் மருத்துவ உள்வைப்புகளைச் சோதிக்கும் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

‘உடம்புக்கு ஒத்துப்போகும் பிளாஸ்டிக்’ என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் கிடையாது. ஒரு பாலிமர் உடம்போடு ஒத்துப்போகுமா என்பது அதன் எடையையோ நிறத்தையோ போல அதனிடம் நிரந்தரமாக இருக்கும் குணம் இல்லை. எந்த உறுப்பில் வைக்கிறோம், அங்கே அது என்ன வேலை செய்யப்போகிறது, எத்தனை நாள் இருக்கப்போகிறது, தொழிற்சாலையில் எதையெல்லாம் கடந்து வந்தது என்பவை சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. உயிரிப்பொருள் அறிவியலில் 1980களில் ஏற்கப்பட்டு இன்றும் புழங்குகிற வரையறையின் சாரமும் இதுவே: குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில் உடம்பிடமிருந்து பொருத்தமான எதிர்வினையைப் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யும் திறனே உயிரிணக்கம். இதை ஒப்புக்கொண்டால் அடுத்து ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். சோதனைக்கூடம் தரும் சான்றிதழ் ஒரு பொருளுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் நற்சான்று ஆகாது. ஒரு கருவியை, ஒரு பயன்பாட்டுக்கு, எச்சரிக்கையோடு உள்ளே விடலாம் என்னும் அனுமதிதான் அது. மீதிச் சோதனை நோயாளியின் உடம்பில், வருடக்கணக்கில் நடக்கிறது. அதையும் கணக்கு வைக்காத நாட்டில் பாதிச் சோதனைதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண் லென்சின் கதையிலிருந்தே தொடங்கலாம். 1940 ஆகஸ்டில் இங்கிலாந்து வான்படையின் ஹரிக்கேன் விமானம் ஒன்று சுடப்பட்டது. அதை ஓட்டிய கார்டன் கிளீவரின் கண்களுக்குள் விமானி அறையின் மூடியிலிருந்து பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் தெறித்துப் புகுந்தன. பெர்ஸ்பெக்ஸ் என்பது பாலிமெத்தில் மெத்தக்ரிலேட், சுருக்கமாக பிஎம்எம்ஏ. இப்படிக் காயம்பட்ட விமானிகளைக் கவனித்த கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி, சாதாரணக் கண்ணாடித் துண்டோ இரும்புத் துகளோ புகுந்தால் வருகிற கடும் அழற்சி இந்தத் துண்டுகளால் வரவில்லை என்பதைக் கண்டார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிஎம்எம்ஏ லென்சை முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். கதையை வழக்கமாக இந்த இடத்தோடு முடித்துவிடுவார்கள். ஆனால் பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ரிட்லியின் ஆரம்ப நோயாளிகள் பலருக்கு லென்ஸ் இடம் நழுவியது, அழற்சி வந்தது, கண்ணின் உள்ளழுத்தம் ஏறியது. கிருமிநீக்கத்துக்காக லென்சுகளை ஊறவைத்த செட்ரிமைடு மருந்தின் மிச்சமே அழற்சிக்கு ஒரு காரணம் என்று பின்னர் கருதினார்கள். வேறு சிலர் 1950களில் லென்சைப் பிடித்து நிறுத்த நைலான் கால்களை வைத்தபோது, அந்த நைலான் கண்ணின் நீரிலேயே சில வருடங்களில் சிதைந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் செயற்கை லென்சுக்கு ஒப்புதல் தந்தது 1981இல்தான். விமானிகளின் கண்ணில் அமைதியாக இருந்த அதே பிளாஸ்டிக் நம்பத்தக்க லென்சாக மாறுவதற்கு முப்பது வருடங்கள் ஆயின. அந்த முப்பது வருடங்களில் பிளாஸ்டிக்கின் பெயர் மாறவில்லை. வடிவம், விளிம்பு, கால்கள், கிருமிநீக்கம், வைக்கும் இடம் ஆகியவைதான் மாறின.

இடம் மாறினால் பொருளின் நடத்தை எப்படித் தலைகீழாகும் என்பதற்கு டெஃப்லானை விடச் சிறந்த சாட்சி இல்லை. வேதியியல் கண்ணோடு பார்த்தால் எதனோடும் சேராத, எதிலும் ஒட்டாத சாதுவான பாலிமர் அது. அதனால்தான் இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். ஏறத்தாழ 300 பேருக்கு வைத்த பிறகு விபரீதம் தெரிந்தது. உலோகப் பந்து தேய்க்கத் தேய்க்கக் கிண்ணம் பொடியாக உதிர்ந்தது, அந்தப் பொடியைச் சுற்றித் திசு கட்டிகட்டியாக வளர்ந்தது. டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்த்த சார்ன்லி, 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். டெஃப்லான் கலந்த தாடை மூட்டு உள்வைப்புகள் 1980களில் அமெரிக்காவில் மறுபடியும் இதே வழியில் தோற்று, தாடை எலும்பையே அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அதே டெஃப்லானை விரித்து நுண்துளைகளோடு செய்த குழாய், 1970களிலிருந்து இன்றுவரை செயற்கை ரத்தக் குழாயாக நம்பிக்கையோடு பயன்படுகிறது. ரத்தக் குழாயில் தேய்மானம் இல்லை, மூட்டில் இருக்கிறது. பாலிமர் ஒன்றே, அதற்கு வாய்த்த வேலைதான் வேறு.

உடம்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் இது புரியும். எந்தப் பாலிமரை உள்ளே வைத்தாலும் செல்கள் அதை நேரடியாகத் தொடுவதில்லை. ரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள புரதங்கள் சில நொடிகளிலேயே அதன் மேல் படிந்துவிடுகின்றன. எந்தப் புரதம், எந்த முகத்தைக் காட்டிக்கொண்டு படிந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வெள்ளையணுக்கள் அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்கின்றன. முதலில் வருபவை நியூட்ரோஃபில்கள், பின்னால் வருபவை மேக்ரோஃபேஜ்கள். அந்நியப் பொருள் சிறு துகளாக இருந்தால் மேக்ரோஃபேஜ் விழுங்கப் பார்க்கும். விழுங்க முடியாத அளவு பெரிதாக இருந்தால் பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றுசேர்ந்து ராட்சத செல்லாகி மேலே படர்ந்துகொள்ளும். கடைசியில் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசு உறை ஒன்றைக் கட்டித் தனியே ஒதுக்கிவிடும். ஆக, எதிர்வினையே இல்லாத உள்வைப்பு என்பது கிடையாது. மெல்லிய உறையோடு விஷயம் அடங்கிப்போகிறதா, அழற்சி அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சார்ன்லியின் டெஃப்லான் முழுத் துண்டாக இருந்தவரை உடம்பு அதை ஒதுக்கி வைத்திருக்கும். பொடியானதும் ஒவ்வொரு துகளும் ஒரு மேக்ரோஃபேஜுக்குப் புதிய சண்டையாகிவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொரு முயற்சி இதை இன்னும் தெளிவாகக் காட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் சொந்தச் செயற்கை இதய வால்வை உருவாக்கினார்கள். செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டு உட்படப் பலவற்றை முயன்றார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவதாக வந்தது கோபால்ட் குரோமியக் கலவையால் ஆன கூடு, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டு, இதயத் தசையோடு வைத்துத் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம் என்று மூன்று பொருள் சேர்ந்த வால்வு. ஆடுகளில் சோதித்த பிறகு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். பிறகு டிடிகே நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்த ஒரே கருவிக்குள் இரண்டு பாலிமர்களிடம் நேர்மாறான இரண்டு எதிர்வினைகளை எதிர்பார்க்கிறார்கள். தட்டின் மேல் எதுவும் படியக் கூடாது. ரத்தம் உறைந்தால் ஆபத்து. வளையத்திலோ திசு நன்றாக ஊடுருவி வளர வேண்டும்; வளராவிட்டால் வால்வு நிலைக்காது. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் அந்தத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். இடுப்பு மூட்டில் தேய்ந்து தொல்லை தருவதாகப் பின்னாளில் பெயரெடுத்த அதே வகைப் பாலிஎத்திலீன், இங்கே சுமை குறைந்த இந்த வேலைக்கு ஈடுகொடுக்கிறது.

ஆகவேதான் சோதனைக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐஎஸ்ஓ 10993, “இது என்ன பிளாஸ்டிக்?” என்று தொடங்குவதில்லை. கருவி உடம்பின் எந்தப் பகுதியைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது என்ற இரண்டைத்தான் முதலில் கேட்கிறது. தோலை மட்டும் தொடுகிறதா, வெளியிலிருந்து ரத்த ஓட்டத்தோடு இணைகிறதா, முழுக்க உள்ளேயே தங்குகிறதா என்பது ஒரு பக்கம். 24 மணி நேரத்துக்குள்ளா, 30 நாளுக்குள்ளா, அதற்கும் மேலா என்பது இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பொறுத்து எந்தெந்தச் சோதனைகளை யோசிக்க வேண்டும் என்பது விரியும். செல்களைக் கொல்கிறதா, ஒவ்வாமையைத் தூண்டுகிறதா, எரிச்சல் உண்டாக்குகிறதா என்ற மூன்றும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. ரத்தத்தைத் தொடுவதென்றால் சிவப்பணுக்களை உடைக்கிறதா, உறைதலைத் தூண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிரந்தரமாகத் தங்குவதென்றால் மரபணுச் சேதம், நீண்டகால நச்சு, தசைக்குள் வைத்துப் பார்க்கும் சோதனை ஆகியவையும் சேரும். கண் லென்சுக்கு ஐஎஸ்ஓ 11979 என்று தனி விதியே இருக்கிறது. கண்ணின் நீரில் சிதையுமா, ஒளி பட்டுப் பட்டு மாறுமா, பின்னாளில் லேசர் சிகிச்சை செய்தால் அதிலிருந்து நச்சு கசியுமா என்றெல்லாம் அது கேட்கிறது. இதய வால்விடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. லென்சிடம் கேட்டே ஆக வேண்டும்.

இவற்றில் மிக எளியதும் மிகக் கூர்மையானதும் செல் நச்சுச் சோதனைதான். கருவியை நேரடியாகச் செல்களின் மேல் வைப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் அதிலிருந்து சாறு எடுக்கிறார்கள். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய பொருளென்றால் ஒவ்வொரு மில்லிலிட்டர் திரவத்துக்கும் ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று அளந்து, செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவத்தில் போட்டு, உடம்பின் சூடான 37 டிகிரியில் ஒரு நாள் ஊறவிடுவார்கள். அந்தத் திரவத்தில் சீரம் கலந்திருப்பதால் நீரில் கரைவதும் வரும், கொழுப்பில் கரைவதும் ஓரளவு வரும். வேறு சோதனைகளுக்கு உப்புநீரில் தனியாகவும் பருத்திக்கொட்டை எண்ணெயிலோ எள் எண்ணெயிலோ தனியாகவும் ஊறவைப்பதுண்டு. உடம்பில் நீரும் உண்டு, கொழுப்பும் உண்டு என்பதால்தான் இந்த ஏற்பாடு. எடுத்த சாற்றை, எலியிலிருந்து பெற்று 1940களிலிருந்து ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் எல்-929 என்ற செல்களுக்கு ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், செத்த செல் மாற்றாது. ஊதாவின் அடர்த்தியைக் கருவியில் அளந்தால் எத்தனை சதவீதம் பிழைத்தது என்பது எண்ணாக வந்துவிடும். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளில் செல்லைக் கொல்லும் ஏதோ இருக்கிறது என்று கொள்வார்கள். பக்கத்திலேயே எதுவும் செய்யாது என்று தெரிந்த பாலிஎத்திலீனுக்கும், கொல்லும் என்று தெரிந்த தகரச் சேர்மம் கலந்த பிவிசிக்கும் இதே சோதனையை நடத்துவார்கள். கொல்ல வேண்டியது கொல்லாவிட்டால் அன்றைய சோதனையே செல்லாது.

இதில் பிடிபடுவது பெரும்பாலும் பாலிமர் இல்லை, பாலிமரோடு ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளிகள். பாலிமர் என்பது நீண்ட சங்கிலி. செல்லுக்குள் அது எளிதில் நுழையாது. வினைபுரியாமல் மிஞ்சிய மோனோமர், வினையூக்கியின் மிச்சம், மென்மைக்குச் சேர்த்த நெகிழ்வூட்டி, நிறமி, அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய எண்ணெய், கிருமிநீக்கத்துக்குப் பயன்பட்ட எத்திலீன் ஆக்சைடு வாயு ஆகிய சிறு மூலக்கூறுகள்தான் கசிந்து வருகின்றன. டீப்பையின் சிக்கலும் இதுதான்: சூடு, நேரம், என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத மலிவுப் படலம். அப்படியானால் கசிவதெல்லாம் கெடுதியா என்றால் அதுவும் இல்லை. ரத்தப் பைகளின் பிவிசியிலிருந்து டிஇஹெச்பி என்ற நெகிழ்வூட்டி ரத்தத்துக்குள் கசிகிறது. அது சிவப்பணுக்களின் சவ்வை உறுதிப்படுத்தி அவை நீண்ட நாள் தாங்க உதவுகிறது. ஆனால் அடிக்கடி ரத்தம் ஏற்றப்படும் பச்சிளங்குழந்தைக்கு அதே பொருள் கவலைக்குரியது. எவ்வளவு, யாருக்கு, எத்தனை முறை என்று கேட்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

‘மருத்துவத் தரம்’ என்று சான்று பெற்ற மூலப்பொருளை வாங்கினால் போதாதா, முடிந்த கருவியை ஏன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்பதுண்டு. நல்ல அரிசி வாங்கியதாலேயே சோறு பதமாக வெந்துவிடாது. பாலிஎத்திலீன் மூட்டுக் கிண்ணங்களைப் பல காலம் காற்று உள்ள பொட்டலத்தில் வைத்துக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்துவந்தார்கள். கதிர் பாலிமர்ச் சங்கிலியை அறுத்ததால் தோன்றிய வீரியமுள்ள முனைகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, கிண்ணம் அலமாரியில் காத்திருக்கும்போதே உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியது. 1990களில் இது தெளிவான பிறகுதான் ஆக்சிஜன் இல்லாத பொட்டலத்துக்கு மாறினார்கள். ஆரம்பகாலச் சாய்தட்டு இதய வால்வு ஒன்றில் இருந்த டெல்ரின் என்ற பாலிமரால் ஆன தட்டு, கிருமிநீக்க நீராவியிலேயே ஈரம் குடித்துப் பருத்தது. முதன்முதலில் வெற்றி கண்ட 1960ஆம் ஆண்டின் ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்விலோ, சிலிக்கோன் பந்து சிலருடைய ரத்தத்தின் கொழுப்பை உறிஞ்சி வீங்கி வெடித்தது. இவற்றையெல்லாம் மிஞ்சியது ஹைட்ரோவியூ என்ற மென்மையான கண் லென்சின் கதை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, கண்ணில் நன்றாக இருந்த லென்சுகளின் மேல் கால்சியம் படிந்து பார்வை மங்கியது. துருவிப் பார்த்தபோது, லென்ஸ் இருந்த டப்பாவின் மூடியிலிருந்த சிலிக்கோன் வளையத்திலிருந்து வந்த மிகச் சிறிய கசிவே தொடக்கம் என்று தெரிந்தது. பாலிமர் நல்லது, லென்ஸ் நல்லது, டப்பா வளையம் கெடுத்தது. இறுதி வடிவில், கிருமிநீக்கம் முடித்து, பொட்டலத்தில் இருந்தபடியே சோதிக்காத எதையும் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்த ஆட்சேபம் விலங்குகளைப் பற்றியது. முயலின் தசைக்குள் பிளாஸ்டிக் துண்டை வைத்து வாரக்கணக்கில் காத்திருந்து, பின் அதைக் கொன்று திசுவை வெட்டிப் பார்ப்பது இன்னும் தேவையா? நியாயமான கேள்வி, விதித்தொகுப்பே இதை ஏற்றுக்கொண்டு மாறிவருகிறது. முதலில் வேதியியல் பகுப்பாய்வு செய்து, கசிவது என்ன, எவ்வளவு என்று அறிந்து, அதன் நச்சுத்தன்மை ஏற்கெனவே தெரியுமென்றால் விலங்கைத் தொடாமலேயே முடிவுக்கு வரலாம் என்கிறது. எரிச்சல் சோதனைக்கு முயலின் தோலுக்குப் பதிலாக ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரியை 2021இல் வந்த பகுதி முன்னால் வைக்கிறது. செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின், கொதிக்க வைத்தாலும் அழியாமல் கண்ணுக்குள் கடும் அழற்சியைக் கிளப்பும். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் முயலுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள்; பிறகு குதிரைலாட நண்டின் ரத்தம் போதும் என்றானது; இப்போது அந்த நண்டின் புரதத்தையே ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். இவ்வளவு மாறியும், புதிய பாலிமர் ஒன்றைச் சுற்றி ஒரு வருடத்தில் உடம்பு என்ன கட்டும் என்பதைக் கண்ணாடித் தட்டில் வளரும் ஒற்றை வகைச் செல் சொல்லாது. குறைக்க முடிந்ததைக் குறைப்பது கடமை. முழுக்க விட்டுவிட்டால் அந்த முயலின் இடத்தில் முதல் நோயாளி இருப்பார்.

மூன்றாவது ஆட்சேபம் நம் ஊருக்கு நெருக்கமானது. இத்தனை சோதனை செய்தால் விலை ஏறும், ஏழைக்கு எட்டாது என்பது அது. இதற்கு மதுரையே பதில் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், கட்டணம் தரமுடியாத நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையாக 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. அது செய்த பிஎம்எம்ஏ லென்ஸ் பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பின் இன்னும் குறைந்தது. சர்வதேச விதிகளின்படி சோதனைகளைக் கடந்து, ஐரோப்பாவின் சிஇ முத்திரை பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. சோதனையைக் குறைத்து விலையைக் குறைத்திருந்தால் இது நடந்திருக்காது. உயிரிணக்கச் சோதனையின் பெருஞ்செலவு ஒரு வடிவத்துக்கு, ஒரு செய்முறைக்குத்தான். லட்சக்கணக்கில் லென்ஸ் செய்யும்போது ஒவ்வொன்றின் தலையில் விழும் பங்கு சொற்பம். சோதனைச் செலவு உண்மையில் உறுத்துவது சிறு எண்ணிக்கையில் செய்யும் புதிய தொழில்முனைவோருக்குத்தான். அவர்களுக்குச் சலுகை தேவையென்றால் அதை விதியைத் தளர்த்தித் தரக் கூடாது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைக் கழகத்துக்கு இருப்பதுபோன்ற பொதுச் சோதனைக்கூடங்களைப் பெருக்கித் தர வேண்டும். ஒரகடம் பக்கத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கும் தமிழ்நாட்டுக்கு அங்கே முதலில் வேண்டியது அப்படியொரு கூடம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பிப் போகிறவை உண்டு. பிரான்சின் பிப் நிறுவனம் மார்பக உள்வைப்புகளில் ஒப்புதல் பெற்ற சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பியது 2010இல் அம்பலமானது. அதன் நிறுவனருக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சோதனை சரியாகத்தான் நடந்திருந்தது. சோதித்த பொருளும் விற்ற பொருளும்தான் வேறுவேறு. பாலிஎத்திலீன் துகள்களின் தொல்லைக்குப் பயந்து, உலோகத்தோடு உலோகமே உரசும் இடுப்பு மூட்டுக்குத் திரும்பியவர்கள் வேறொரு குழியில் விழுந்தார்கள். அப்படி வந்த ஏஎஸ்ஆர் மூட்டு அளவுக்கு மீறித் தோற்கிறது என்பதைப் பளிச்சென்று காட்டியது எந்தச் சோதனைக்கூடமும் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் எண்ணோடு பதிந்துவைத்த ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேடுதான் காட்டியது. 2010 ஆகஸ்டில் அந்த மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தும், அந்த நோயாளிகளில் பெரும்பகுதியினரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சோதனைக்கூடத்தின் குறைபாடு என்று இதைச் சொல்ல முடியாது. இருபது வருடத் தேய்மானத்தை எந்தக் கூடமும் முழுதாக முன்கூட்டிச் சொல்லாது. அதற்குப் பின் பிடிக்க வேண்டிய வலை நம்மிடம் கிழிந்திருந்தது என்பதுதான் உண்மை.

அந்த வலையைப் பின்னத் தொடங்கியிருக்கிறோம். 2005இல் கண் லென்ஸ், இதய வால்வு, எலும்பு உள்வைப்பு உள்ளிட்ட பத்துக் கருவிகள் மட்டும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. 2017இன் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, ஆபத்தின் அளவைப் பார்த்து நான்கு வகுப்புகளாகக் கருவிகளைப் பிரித்தன. 2020 ஏப்ரலில் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. கருவிகளால் வரும் தீங்குகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கி, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. ஆனால் யார் உடம்பில் எந்த எண்ணுள்ள கருவி இருக்கிறது என்ற தகவல் நோயாளியின் கையிலேயே இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் அவரைத் தேடி வர முடியாது. லென்ஸ் பெட்டிக்குள் அதன் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தருவது வழக்கம். பல வீடுகளில் அந்தச் சீட்டு மருந்து முடிந்ததும் பழைய பேப்பரோடு போய்விடுகிறது. கண்ணில் லென்ஸோ, இடுப்பில் மூட்டோ, இதயத்தில் வால்வோ வைத்துக்கொண்டவர்கள் அந்தச் சீட்டைக் குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். ஒட்டித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஒரு வருடம் கழித்தோ பத்து வருடம் கழித்தோ கண் சிவந்தால், மூட்டு வலித்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்தச் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். சோதனைக்கூடம் தொடங்கி வைத்த சோதனையை முடித்துத் தர வேண்டியவர் நீங்கள்தான்.